எல்னூராவின் தந்தை

அக்டோபர் 9, வியாழன்

இன்று சரிசெய்தது இரண்டு வாஷிங் மெஷின், ஒரு ஃபிரிட்ஜ். இரண்டாவது மெஷினின் வயிற்றிலிருந்து ஒரு சின்னக் காலுறையும் ஒரு வெள்ளிக் கரண்டியும் வந்தன. வீட்டுக்காரம்மா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "ரெண்டு வருஷமா இதத் தேடுறேன்! மருமக எடுத்துட்டானு நெனச்சேன்" என்றாள். மருமகள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். நான் சட்டென்று குனிந்து, விழாத ஸ்க்ரூவைத் தரையில் தேட ஆரம்பித்தேன். சண்டை வரும் இடத்தில் ஸ்க்ரூ தேடுவது எனக்குக் கைவந்த வித்தை. ஐம்பத்து மூன்று வருஷமாகத் தேடுகிறேன்.

மதியம் காரிலேயே ரொட்டியும் குளிர்ந்த இறைச்சியும். வழக்கம்போல் போனில் படிப்பு. எங்கோ ஒரு நாட்டில் தேர்தல். வரைபடத்தில் காட்டு என்றால் என் விரல் கடலில்தான் போய் விழும். ஆனாலும் அதன் கீழே இருந்த இருநூறு கருத்தையும் படித்தேன். ஒருவன் எழுதியது சரி என்று பட்டது. அவனைத் திட்டி இன்னொருவன் எழுதியது அதைவிடச் சரி என்று பட்டது. கடைசியில் எவன் எழுதினானோ அவன் கட்சிதான் நான்.

எங்கள் குடும்பத்தில் அரசியல் இப்படி: மனைவி புருல் யாரையும் நம்பமாட்டாள், வானிலை சொல்கிறவன் உட்பட. மகள் எல்னூராவுக்கு எதையும் கேள்வி கேட்டாகவேண்டும். சம்பந்தி ஜுமாதில் - மூத்தவன் தெமிரின் மாமனார், எங்கள் தெருக்கமிட்டித் தலைவர் - நாட்டுக்கு ஓர் இரும்புக் கை வேண்டும் என்பவர். நான் ஃபிரிட்ஜ் கதவு. யார் இழுத்தாலும் திறப்பேன். உள்ளே விளக்கும் எரியும்.

அக்டோபர் 10, வெள்ளி

எல்னூராவின் படக் கழகம், ஐந்தாவது வாரம். கலாச்சார மாளிகையின் பெரிய மண்டபத்தில் பத்தொன்பது பேர். நான் எண்ணினேன், என்னையும் சேர்த்து. வெப்பக் குழாய் வேலை செய்யவில்லை, எல்லாரும் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தோம். மூச்சுவிட்டால் திரைக்கு முன்னால் புகை.

படத்தில் ஒரு பெண் தினமும் பஸ் நிறுத்தத்துக்கு வந்து மாமியாருக்காகக் காத்திருக்கிறாள். பையை வாங்கிக்கொண்டு வீடு போகிறாள். மறுநாளும் அதே. ஒருநாள் மாமியார் இறங்குகிறாள், இவள் பையை வாங்கி அவள் காலடியில் வைத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். படம் முடிந்துவிட்டது. நான் இன்னும் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பேச்சு. ஒரு நர்ஸ், "அவ எங்கயும் போகல, ரெண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி அழுதுட்டுத் திரும்பி வந்திருப்பா. நான் அப்படித்தான் செஞ்சேன்" என்றாள். எனக்கு அந்தப் பையின் ஞாபகம்தான். கைப்பிடியில் துணி சுற்றியிருந்தது. யாரோ உட்கார்ந்து, கை வலிக்கக்கூடாது என்று சுற்றியிருக்கிறார்கள். மாமியாரா? மருமகளா? அதைக் கேட்க எழுந்தேன், வெட்கமாக இருந்தது, கால் மரத்துப்போனதுபோல் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எல்னூராவின் முகம் மட்டும் குளிரில் வாடவில்லை. தலைநகர் பிஷ்கெக்கில் படித்துவிட்டு இந்த ஊருக்கே திரும்பி வந்தவள். எதற்கு வந்தாள் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. இதற்குத்தான் போலிருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

சம்பந்தி வந்தார். கம்பளித் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் தோல் பை. புருல் ரொட்டி வைத்தாள், இறைச்சி வைத்தாள், தேநீர்க் கிண்ணத்தை மூன்று தடவை நிரப்பினாள். பேரனைப் பற்றிப் பேசினோம். அவன் பிறந்து இரண்டு மாதம். தொட்டில் செய்யக் கொடுத்தாகிவிட்டதாம், வாதுமை மரத்தில்.

பிறகு பையிலிருந்து ஒரு தாள்.

"கலாச்சார மாளிகை விஷயமா ஒரு மனு, சம்பந்தி. கையெழுத்து நீங்க முதல்ல போட்டா நல்லாருக்கும்னு தோணுச்சு. உங்களுக்கு மனசு வந்தா போடுங்க. இல்லேன்னா நான் தப்பா எடுத்துக்கமாட்டேன்."

மாளிகை என்றதும் எனக்கு வெப்பக் குழாய்தான் ஞாபகம் வந்தது, அதைச் சரிசெய்யக் கேட்கிற மனு என்று நினைத்தேன். படிக்கிற கண்ணாடி கார்ப் பெட்டியில் இருந்தது. எழுந்துபோய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் நம் ரொட்டியைப் பிய்த்துத் தின்று உட்கார்ந்திருக்கும் சம்பந்தி நீட்டிய தாளை, கண்ணாடி போட்டு வரி வரியாகப் பார்ப்பதா? அவர் வீட்டு விருந்தில் நம் பங்கு இறைச்சியை எடை போட்டுப் பார்ப்பதுபோல் அது.

போட்டேன். மகளுக்கு வலுச் சேர்ப்போம் என்று கையெழுத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் "எல்னூராவின் தந்தை" என்றும் எழுதினேன்.

சம்பந்தி அதை வெகுநேரம் பார்த்தார். எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். "உங்களுக்கு இவ்வளவு நெஞ்சுரம் இருக்கும்னு நான் நெனக்கல சம்பந்தி. உங்கள வேற மாதிரி எடை போட்டிருந்தேன். மன்னிச்சுக்குங்க."

சாயங்காலம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். "என்ன, முதுகு பிடிச்சுக்கிச்சா?" என்றாள் புருல்.

அக்டோபர் 17, வெள்ளி

இருபத்தாறு பேர். குளிர் அதேதான். இன்னும் ஒரு மாதம் பொறுங்கள், குழாய் சூடாகும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மனு கொடுத்த மனிதனுக்குத் தனித் திமிர் வருகிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

எல்னூரா மதியமே வந்துவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மண்டபம் இல்லையாம்பா. இந்த வெள்ளிக்கிழமையோட சரியாம்."

"ஏன்? குழாய் வேலையா?"

"என்ன குழாய்? மனு போயிருக்கு. பெரியவங்களும் பெத்தவங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்களாம். நான் காட்டுற படமெல்லாம் பொண்ணுங்கள வீட்ட விட்டு ஓடச் சொல்லுதாம், நம்ம வழக்கத்த அசிங்கப்படுத்துதாம். மேலாளரம்மா வாசிச்சுக் காட்டினாங்க. பேருங்கள மட்டும் காட்டல. 'வேணாம்மா, பாத்தா உனக்குத்தான் கஷ்டம்'ங்குறாங்க. யாருப்பா இருக்கும்? நேருக்கு நேரா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

நான் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தேன். காலியானதும் இன்னொரு கிண்ணம் கேட்டேன். பசி இல்லை. வாய் வேலையாக இருந்தால் பேச வேண்டியதில்லை.

ஒருவேளை அது வேறு மனுவாக இருக்கலாம். ஒரே மாளிகைக்கு இரண்டு மனு போகக்கூடாதா? போகலாம். ஏன் போகக்கூடாது?

- இல்லை. எனக்குத் தெரியும். அவர் கட்டிக்கொண்டபோதே உள்ளே ஏதோ இடித்தது. மெஷினில் பேரிங் போகப்போகிற சத்தம் எனக்குப் பக்கத்து அறையிலிருந்தே கேட்கும். இது கேட்கவில்லையாம்.

அக்டோபர் 22, புதன்

சம்பந்தி வீட்டுக்குப் போனேன். நகல் இருக்கிறதா, சும்மா பார்க்கலாம் என்றேன். எடுத்து வந்தார். இந்தத் தடவை கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

ஒரு பக்கம்தான். ஒரே ஒரு பக்கம். 'வெப்பம்' என்ற சொல் எங்கும் இல்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன சம்பந்தி? அன்னைக்கு நீங்க படிச்சீங்கதானே?"

இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். 'படிக்கவில்லை' - ஒரே சொல். வெட்கமாக இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிற முட்டாளா தன் மகளின் மாமனார் என்று நினைப்பார் என்று -

"படிச்சேன், படிச்சேன்" என்றேன்.

"அதானே. பெத்த அப்பனுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னேன். உங்க பேரப் பாத்துத்தான் மத்த முப்பத்தேழு பேரும் போட்டாங்க. 'அந்தப் பொண்ணோட அப்பனே போட்டுட்டாரு, நமக்கென்ன'ன்னாங்க."

அவர் கேலி செய்யவில்லை. கண் கலங்கியிருந்தது. தன் அக்கா மகள் ஒருத்தி கைக்குழந்தையை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டதைச் சொன்னார். படத்தால்தான் போனாள் என்பதில்லை, ஆனாலும் எங்காவது ஓர் இடத்தில் கதவை அடைக்க வேண்டாமா என்றார். அவர் சொல்லும்போது அதுவும் சரி என்று பட்டது. நான் எப்படிப்பட்ட பிறவி?

அக்டோபர் 24, வெள்ளி

கடைசிக் காட்சி. நாற்பது பேருக்கு மேல். இழவு வீட்டுக்கு வருவதுபோல் வந்திருந்தார்கள்.

படத்தில் ஒருவன் இரவல் வாங்கிய நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைகிறான். பார்க்கிறவர்கள் எல்லாம் திருடிக்கொண்டு போகிறான் என்கிறார்கள். கால் வலித்தால் அதே நாற்காலியைப் போட்டு நடுத்தெருவில் உட்கார்ந்துகொள்கிறான். எல்லாரும் சிரித்தார்கள். நான் தினமும் பொருள்களோடு பழகுகிறவன், எனக்குத் தெரியும்: ஒரு பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் உலகத்திலேயே கடினமான வேலை. வாங்குவதற்கு ஒரு கை போதும்.

முடிந்ததும் எல்னூரா முன்னால் வந்து நின்றாள். "கையெழுத்துப் போட்டவங்க மேல எனக்குக் கோவமில்ல. அவங்க ஒரு நாள்கூட இங்க வந்து உக்காந்ததில்ல, அதான்" என்றாள்.

மூன்றாவது வரிசை, இடது ஓரம். ஏழு வெள்ளிக்கிழமையாக நான் அதே இருக்கையில்.

அக்டோபர் 26, ஞாயிறு

எல்னூரா பிஷ்கெக் போயிருக்கிறாள், தெரிந்த வக்கீலைப் பார்க்க. செவ்வாய்க்கிழமை வருவாள்.

புருல் ரொட்டிமாவைப் பிசைந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள். "அன்னைக்குச் சம்பந்தி கொண்டுவந்த தாள்ல என்ன எழுதியிருந்துச்சு?"

"குழாய்…"

"சமுதின்."

முப்பது வருஷத்தில் அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது நாலைந்து தடவை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் மாவை ஒரு குத்துக் குத்தினாள். "பத்துக் காசு ஸ்க்ரூவக் கண்ணாடி போட்டுப் பாக்குற. எவனோ எவளையோ திட்டுனத போன்ல ராவும் பகலும் படிக்கிற. பாத்ரூம்ல உக்காந்து படிக்கிற! ஒன் வீட்டு மேசையில, ஒன் பொண்ணப் பத்தி வந்த ஒரே ஒரு தாளு…"

"சம்பந்தி என்ன நெனப்பாருன்னு…"

"பொண்ணு என்ன நெனப்பா?"

செவ்வாய்க்கிழமை எல்னூரா வீட்டுக்குள் கால் வைத்ததும் நான் சொல்லிவிட வேண்டுமாம். இல்லையென்றால் புருல் சொல்வாள். சரி என்றேன். இரண்டு நாள் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தது. அப்படித்தான் நினைத்தேன், வெட்கமாக இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 27, திங்கள்

யாரோ மனுவைப் படம் பிடித்து ஊர்க் குழுவில் போட்டுவிட்டார்கள். மதியம் காரில் ரொட்டியோடு போனைத் திறந்தேன், என் கையெழுத்து என்னைப் பார்த்தது.

நூற்றுப் பன்னிரண்டு கருத்துகள். எல்லாவற்றையும் படித்தேன். பழக்கதோஷம். "இவர்தான் உண்மையான தந்தை, வாழ்க!" என்று ஒருவர். "இவனெல்லாம் ஒரு அப்பனா" என்று ஒருவர். "இவர் எங்கள் வீட்டு மெஷினைச் சரிசெய்தார், மறுபடி ஒழுகுகிறது" என்று ஒருவர். வாழ்த்தியதைப் படிக்கத்தான் அதிகம் வலித்தது. ஒருத்தர்கூட 'இந்த ஆள் படித்திருக்கவே மாட்டான்' என்று எழுதவில்லை. என்னைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம்.

எல்னூராவும் படித்திருப்பாள். மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

வந்தாள். போனை மேசையில் வைத்தாள்.

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமாம்மா. படிக்காமப் போட்டேன். குழாய் விஷயம்னு நெனச்சு… உனக்கு நல்லதுன்னு…"

அவள் சிரிப்பதுபோல் ஏதோ செய்தாள். "படிச்சுட்டுப் போட்டிருந்தாக்கூடப் பரவால்லப்பா. ஜுமாதில் மாமா மாதிரி. அவர்கூடச் சண்டையாவது போடலாம். உங்ககூட எதுக்குச் சண்ட போடுறது? நீங்கதான் அங்க இல்லவே இல்லியே."

"எல்னூரா…"

"எப்பத் தெரிஞ்சுச்சு உங்களுக்கு?"

"போன செவ்வாக்கிழம."

"அப்ப வெள்ளிக்கிழமை நான் பேசினப்போ உக்காந்து கேட்டுட்டிருந்தீங்க."

ஸ்க்ரூ தேடக்கூடக் குனிய முடியவில்லை. ஒரு பை எடுத்துக்கொண்டு அந்த நர்ஸின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 31, வெள்ளி

மாளிகைக் கதவில் பூட்டு. எதிரே காரை நிறுத்திக்கொண்டு, வழக்கமாகப் படம் முடியும் நேரம்வரை இருந்தேன்.

நவம்பர் 3, திங்கள்

கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு தாள் எழுத உட்கார்ந்தேன். நான்கு தடவை எழுதினேன். முதலாவதில் சம்பந்தி என்னை ஏமாற்றியதுபோல் தொனித்தது. அவர் ஏமாற்றவில்லை, கிழித்தேன். இரண்டாவதில் என் கண்ணைக் குற்றம் சொல்லியிருந்தேன். மூன்றாவதில் தெருக்கமிட்டி முழுக்க என்னைப் பார்த்துப் பரிதாபப்படும்படி இருந்தது. அதுவும் வேண்டாம்.

நான் கெட்டவன் இல்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரையும் எதிர்த்ததில்லை, யார் மனசையும் நோகடித்ததில்லை. இப்போது பார்த்தால் அது நல்ல குணமே இல்லை, சோம்பல். எல்லாருக்கும் தலையாட்டுகிறவன் யாருக்கு எதிராகத் தலையாட்டுகிறோம் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. இரும்புக் கை, இரும்புக் கை என்கிறார் சம்பந்தி. அந்தக் கைக்கு வேலை சுலபமாவது என்னைப்போல ஆட்களால்தான்.

நான்காவது தாள் மூன்று வரி. அது போதும்.

நவம்பர் 6, வியாழன்

தெருக்கமிட்டிக் கூட்டம், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில். பேச்சு தெருவிளக்கில் தொடங்கி நாய்த்தொல்லைக்குப் போனது. நான் எழுந்தேன். கால் மரத்துப்போகவில்லை.

வாசித்தேன்: 'கலாச்சார மாளிகை மனுவில் நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். குற்றம் என்னுடையது மட்டுமே. என் பெயரை நீக்கும்படி கேட்கிறேன்.'

முதலில் சிரிப்பு. "என்னண்ணே, வெங்காயம் வாங்குன சீட்டுன்னு நெனச்சுட்டீங்களா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

சம்பந்தி சிரிக்கவில்லை. "என் வீட்டுக்கு வந்தப்போ படிச்சேன்னு சொன்னீங்களே சம்பந்தி?"

"பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"வெக்கமா இருந்துச்சு."

அவர் முகம் சாம்பலாகிவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டது, மன்னிப்புக் கேட்டது, மனைவியிடம் பெருமையாகச் சொன்னது - எல்லாம் அவருக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்கும். முப்பத்தேழு பேருக்கு முன்னால் அவரை முட்டாளாக்கிவிட்டேன்.

அப்போது நிலக்கரி வண்டிக்காரர் மெதுவாக, "உண்மையச் சொன்னா நானும் படிக்கல" என்றார். "நானும்" என்றாள் ஒரு கிழவி. "சமுதின் போட்டிருக்காரேன்னு போட்டேன்." கைகள் ஒவ்வொன்றாக ஏறின. எண்ணவில்லை, எண்ண மனசு வரவில்லை.

மண்டபம் திறக்கப்படும் என்று நினைத்தேன். இல்லை. மாளிகை எடுத்த முடிவு முடிவுதானாம். இனி வேண்டுமானால் புது மனு கொடுக்க வேண்டுமாம். சம்பந்தி தொப்பியை எடுத்துக்கொண்டு, எனக்குக் கை கொடுக்காமல் போனார்.

நவம்பர் 9, ஞாயிறு

பேரனின் தொட்டில் தெமிரின் வீட்டுக்கு வந்தது, நாங்களும் போயிருந்தோம். பெண்ணைப் பெற்றவர் தன் கையாலேயே கொண்டுவந்து வாசல் தாண்டி வைக்கவேண்டிய தொட்டில். அவருடைய தம்பி வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நின்றபடியே விடைபெற்றார். புருல் நீட்டிய ரொட்டியில் ஒரு துணுக்குக்கூடப் பிய்க்கவில்லை. புருல் தொட்டிலைத் துடைத்துத் துடைத்து அழுதாள்.

நல்ல வேலைப்பாடு. ஒரு ஆணிகூட இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

எல்னூராவைக் கடைத்தெருவில் பார்த்தேன். "கூட்டத்துல பேசினீங்களாமே" என்றாள். ஆமாம் என்றேன். "ம்" என்றாள். உருளைக்கிழங்கு வாங்கினாள். நானும் தேவையில்லாமல் உருளைக்கிழங்கு வாங்கினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் எல்னூரா வந்தாள். தோளில் அன்று எடுத்துப்போன பை, கையில் மண்டபத்தைத் திறக்கச் சொல்லி ஒரு புது மனு. இரண்டு பக்கம். அறுபது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "முதல் இடம் உங்களுக்காக விட்டு வெச்சிருக்கேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா! பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் எதிரே உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கத்தையும் படித்தேன். சில இடம் இரண்டு தடவை.

"இந்த வரி எனக்குச் சம்மதமில்லம்மா."

"எது?"

"'எழுத்தறிவற்ற, பிற்போக்கான முதியவர்கள்'னு எழுதியிருக்கியே. முப்பத்தெட்டுப் பேர்ல முழுசாப் படிச்சுட்டுப் போட்ட மனுஷன் ஜுமாதில். அவர் நெனச்சது தப்புன்னு எழுது. அவருக்கு எழுத்தறிவு இல்லேன்னு எழுதாத. எழுத்தறிவு இல்லாதது எனக்குத்தான்."

"அவர் என் மண்டபத்த மூடினவருப்பா! அவருக்காகவா பேசுறீங்க?"

"அவருக்காக இல்ல. தாள்ல இருக்குறது நெசமா இருக்கணும்ல."

"ஒரே ஒரு வரிக்காக…"

"ஒரு வரிக்காகத்தான்."

சத்தம் ஏறிவிட்டது. அவள் மேசையைத் தட்டினாள், நானும் தட்டினேன். என் வாழ்க்கையிலேயே மேசை தட்டியது முதல் தடவை, கிண்ணம் உருண்டு தேநீர் கொட்டிவிட்டது. புருல் எட்டிப் பார்த்தாள், கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம். பயமாகத்தான் இருந்தது. இப்போது எழுந்து போனாள் என்றால் திரும்ப வரமாட்டாள் என்று ஒவ்வொரு நிமிஷமும் தோன்றியது. இருந்தும் போடவில்லை.

மதியம் தாண்டியது. அவள் என்னைப் பார்த்தாள். அப்பா யாரென்று புதிதாகப் பார்க்கிறவள்போல. பிறகு கோட்டைக் கழற்றினாள்.

"பசிக்குது. சாப்பிட்டுட்டு மிச்சத்தப் பேசுவோம். ஆனா அந்த வரிய நான் எடுக்கமாட்டேன்."

"நானும் போடமாட்டேன்."

சாப்பிட்டோம். அப்புறம் தன் அறைக்குப் போய்ப் படுத்தாள், பையோடு. சாயங்காலம் நான்கு மணி ஆகிறது, இன்னும் தூங்குகிறாள். தாள் மேசையில் இருக்கிறது, முதல் இடம் காலியாக. புருல் இரவுக்கு மூன்று பேருக்கு மாவு பிசைகிறாள்.